டிக்டேஷனை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வட மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பணிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. முதலாமாண்டு வகுப்பில் அறுபது பேருக்கு மேல். ஒருவர் முழுப் பார்வையற்றவர். ஒரு மாணவி காதுக்கருவி அணிந்திருக்கிறார். இன்னொரு பையன் வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்தவர்கள், பல வீடுகளில் இவர்கள்தான் முதல் பட்டதாரி. போன மாதம் ஒரு ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். ஃபிளிப்டு கிளாஸ்ரூம், கற்றல் பாணிகள், ஏஐ என்று நிறைய சொன்னார்கள். நோட்ஸ் டிக்டேட் செய்து முடிக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது, இதில் புது முறைகளுக்கு எங்கே போவது? துறைக் கூட்டத்தில் பேச்சு எடுத்தேன். மூத்தவர் ஒருவர் "நாலு பேருக்காகத் தரத்தைக் குறைக்கணுமா?" என்றார். இன்னொருவர் ஸ்மார்ட் போர்டு வந்தால் சரியாகிவிடும் என்றார். துறைத்தலைவர், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது, ஏதாவது புதுமையாகச் செய்து ஃபைல் போட்டு வையுங்கள் என்றார். நான் எங்கே தொடங்குவது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

வணக்கம் மேடம். நோட்ஸ் டிக்டேட் செய்யவே நேரம் போய்விடுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தைப் பல வருடம் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்கு அந்த வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது.

ஐம்பது நிமிட வகுப்பில் நீங்கள் சொல்லச் சொல்ல அறுபது பேர் எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் பாருங்கள். காதுக்கருவி போட்ட பெண் உங்கள் உதட்டைப் பார்த்தால் எழுத முடியாது, எழுதக் குனிந்தால் உதட்டைப் பார்க்க முடியாது, அதனால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவார், அந்தப் பெண் விட்டதெல்லாம் இவருக்கும் விட்டுப்போகும். எழுத்துத் தடுமாற்றம் உள்ள பையன் மூன்றாவது வரியிலேயே பின்தங்கி, கொஞ்ச நேரத்தில் பேனாவை மூடிவிடுவான். பார்வையற்ற மாணவர் போனில் பதிவு செய்துகொண்டு போவார், வீட்டில் போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தமும் நடுநடுவே "புல்ஸ்டாப், நெக்ஸ்ட் பேரா"வும்தான் தெளிவாகக் கேட்கும். தமிழ்வழிப் பிள்ளைகள் 'எலாஸ்டிசிட்டி' (நெகிழ்ச்சி) என்ற சொல்லைக் காதால் வாங்கி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நோட்டுகளைப் புரட்டினால் அது அரை டஜன் விதமாக எழுதப்பட்டிருக்கும், செமஸ்டர் தாளிலும் அப்படியேதான் வரும். ஆங்கிலவழியில் வந்த சிலருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கும் கைவலிதான் மிச்சம்.

ஆக, நாலு தனித்தனிப் பிரச்சினை என்று நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி ஒரே பிரச்சினை. டிக்டேஷனை விட்டுவிட்டால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வழி கிடைக்கிறது, உங்களுக்கு வகுப்பில் பாதி நேரம் மிச்சமாகிறது. பயிற்சியில் சொன்ன புது முறை எதையாவது செய்து பார்ப்பதென்றால் அந்த நேரத்தில்தான் செய்ய முடியும்.

அடுத்த யூனிட்டுக்கு இரண்டு மூன்று பக்கக் குறிப்பு தயார் செய்து, வகுப்புக்கு முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். முழு நோட்ஸ் வேண்டாம். வரையறைகள், கலைச்சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில், வரைபடத்துக்கு ஒரு காலி இடம், கணக்குக்கு ஒரு காலி இடம், அவ்வளவு போதும். "முன்கூட்டியே கொடுத்துவிட்டால் வகுப்புக்கு வரமாட்டார்கள்" என்று ஓய்வறையில் நிச்சயம் சொல்வார்கள். 75 சதவீத வருகைப்பதிவு விதி இருக்கிற ஊரில் அது பெரிய பயமில்லை. அதோடு, காலி இடத்தை நிரப்ப வகுப்புக்கு வந்துதான் ஆகவேண்டும். கலைச்சொல் பட்டியலுக்கு மேல்நிலைப் பொருளியல் பாடநூலையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொற்கள் அதில் இருக்கின்றன. இல்லாத சொல்லுக்கு அரசின் சொற்குவை தளம் இருக்கிறது.

இந்தக் குறிப்பை எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இங்கேதான் பல கல்லூரிகள் சறுக்குகின்றன. தமிழை யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், அடியுங்கள். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் துறை அலுவலகக் கணினியிலும் ஜெராக்ஸ் கடை டிடிபியிலும் இன்றைக்கும் பாமினியோ வானவில்லோதான் ஓடுகிறது. அந்த எழுத்துருக்களில் 'விலை' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் படிக்கும்போது பார்வையற்ற மாணவர் காதில் விழுவது உளறல். பழைய ஃபைல்களைத் தூக்கிப்போட வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. அப்புறம், கையால் எழுதிய நோட்ஸைப் போட்டோ எடுத்து அனுப்புவது, புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது, இரண்டுமே திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஃபைலில் ஒரு வரியை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அவருக்கும் கேட்கும். அவர் போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வைத்திருப்பார். கணினி கிடைத்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இரண்டு பேர் 2006இல் தொடங்கிய மென்பொருள் அது, தமிழும் படிக்கும். கல்லூரி நூலகத்தில் ஒரு கணினியில் அதை நிறுவச் சொல்லுங்கள், காசு கேட்காத வேலை என்பதால் முதல்வர் மறுக்கமாட்டார்.

சரி, பொருளியல் என்றால் வரைபடம் இல்லாமல் நடக்காது. நம்மில் பெரும்பாலோர் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே "இது இங்கேயிருந்து இப்படி வருது, இந்த இடத்துல இது இதை வெட்டுது, அதுதான் சமநிலை" என்போம். இந்த வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இதையே "கிடைமட்ட அச்சில் அளவு, செங்குத்து அச்சில் விலை. தேவைக் கோடு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்குகிறது. அளிப்புக் கோடு இடது கீழிருந்து வலது மேலே ஏறுகிறது. இரண்டும் வெட்டும் இடத்தில் விலை 40 ரூபாய், அளவு 100 கிலோ" என்று சொல்லிப் பாருங்கள். பத்து வினாடி கூடுதலாக ஆகும். பார்வையற்ற மாணவருக்கு மட்டுமில்லை, ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு ஒன்றும் தெரியாத கடைசி பெஞ்சுக்கும், வரைபடத்தைப் பார்த்து வரையத் தெரிந்து விளக்கத் தெரியாத பாதி வகுப்புக்கும் அது பாடம். முக்கியமான நாலைந்து படங்களைத் தடித்த அட்டையில் பென்சிலால் போட்டு, கோட்டின் மேல் ஃபெவிகால் தடவி நூலை ஒட்டிக் கொடுங்கள், தேவைக்கு மெல்லிய நூல், அளிப்புக்கு முறுக்கு நூல். இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னால் ஒரு மதியத்தில் செய்து தந்துவிடுவார்கள். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தவர் அப்புறம் தேர்வில் சொல்வதை எழுதுபவருக்குத் தானே வாயால் வரைந்து காட்டுவார், அந்தப் பயிற்சி வகுப்புத் தேர்விலேயே தொடங்க வேண்டும்.

காதுக்கருவி போட்டிருக்கும் மாணவியை முன் பெஞ்சுக்கு மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் முதலில் செய்வது அதுதான். அவரிடம் கேட்டுவிட்டு மாற்றினீர்களா? கண்ணாடி போட்டால் பார்வை தெளிவது போல் கருவி போட்டால் காது தெளிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது, மின்விசிறி, பெஞ்சு இழுக்கும் சத்தம், வராந்தாவில் போகிறவர் பேச்சு, எல்லாம். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் குரல் கேட்கும், பின்னாலிருந்து யார் என்ன கேட்டார்கள் என்பது தெரியாது. பலருக்கு இரண்டாவது வரிசையின் ஓரம், பக்கவாட்டில் திரும்பினால் வகுப்பு முழுக்கத் தெரிகிற இடம், வசதியாக இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே பழக்கம்: பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் அந்தக் கேள்வியை ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்று ஒரு செயலி இருக்கிறது, பேசப் பேசத் தமிழில் எழுத்தாக்கித் தரும், இலவசம். நாம் பேசுகிற பாதித் தமிழ் பாதி ஆங்கிலத்தில் அது அடிக்கடி தடுமாறும், ஆனாலும் குறிப்பு கையில் இருக்கும்போது ஓரளவு கைகொடுக்கும். முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். போனை மேஜை மேல் வைத்திருப்பது சிலருக்குக் கூச்சம்.

எழுதத் தடுமாறும் பையனைப் பற்றி: நீங்கள் சந்தேகப்படுவது சரியாக இருக்கலாம், ஆனால் நாம் டாக்டர் இல்லை. வகுப்பில் வைத்து எதுவும் கேட்காதீர்கள், 'டிஸ்லெக்சியா' என்ற பெயரையும் நாமே ஒட்டிவிடக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு "நீ வாயால சொல்றதுக்கும் எழுதுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கே, பள்ளிக்கூடத்துல எப்படி சமாளிச்ச?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அடி, திட்டு, டியூஷன் என்று ஒரு கதை வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மதிப்பீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் போகலாம். அது நீளும் வேலை, அவன் வேண்டாம் என்றும் சொல்லலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் ஒரு பகுதி உங்கள் கையில்தானே இருக்கிறது? ஒரு அசைன்மென்டை எழுதியோ, நேரில் பேசியோ, ஆடியோவாகப் பதிவு செய்தோ கொடுக்கலாம் என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிடுங்கள். எல்லாருக்கும் திறந்த கதவில் அவன் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இதைத்தான் இப்போது யுனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங் என்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1984இல் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு வளர்த்தெடுத்த சட்டகம் அது. ஒரே விஷயத்தைப் பல வழியில் காட்டு, கற்றதைப் பல வழியில் வெளிப்படுத்த விடு, ஈடுபட வைக்கும் வழியையும் ஒன்றோடு நிறுத்தாதே என்பது அதன் சாரம். பயிற்சியில் இதை நாற்பது ஸ்லைடில் காட்டியிருப்பார்கள்.

மிச்சமான பாதி வகுப்பு நேரத்துக்கு வருவோம். பயிற்சிகளில் வருகிற புது முறைகளை நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் தரம் பிரிப்பேன்: கடைசி பெஞ்சில் வாயே திறக்காதவர் இதனால் பேசுவாரா? ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991 முதல் செய்துவந்த சக மாணவர் கற்பித்தல் இதில் தேறுகிறது, அதற்கு ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். ஒரு கேள்வி, நாலு விடை. முதலில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும், பிறகு விரல் காட்டி ஓட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி ஓட்டு. உங்கள் பாடத்திலேயே ஒன்று: முகூர்த்த நாளன்று மல்லிகைப்பூ விலை இரண்டு மடங்காகிறது, ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகவே விற்கிறது. ஏன்? நாலு விடைகள்: தேவை விதி பூவுக்குப் பொருந்தாது, தேவைக் கோட்டின் மீதே நகர்ந்திருக்கிறது, தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது, அளிப்புக் கூடிவிட்டது. மூன்றாவதுதான் சரி, ஆனால் முதல் ஓட்டில் விடைகள் சிதறும், பாருங்கள். கோட்டின் மீது நகர்வதற்கும் கோடே நகர்வதற்கும் உள்ள வித்தியாசம் டிக்டேட் செய்து ஏறாது, பூக்காரர் வீட்டுப் பிள்ளை எழுந்து "மேடம், விலை ஏறினதால வாங்கல, கல்யாணம் இருந்ததால வாங்கினாங்க, அதனாலதான் விலையே ஏறுச்சு" என்று சொன்னால் ஏறும். ஓட்டு எண்ணிக்கையை வாயால் அறிவித்துவிடுங்கள், விரல்கள் தெரியாதவர் ஒருவர் இருக்கிறார். விவாதம் தமிழில் நடக்கட்டும், ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் முன் பெஞ்சு நாலு பேர் மட்டும் பேசுவார்கள்.

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் தெரியுமா? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அளந்து சொன்னார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினாலே பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலமாக்கிச் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு மூன்று வினாடியும் குறைவுதான், நீங்கள் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள்.

மூத்தவர் தரம் பற்றிக் கேட்டாரே, அவரிடம் காட்ட இரண்டு ஆய்வுகள். 2014இல் ஃப்ரீமன் குழுவினர், அறிவியல் கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் விரிவுரை கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் செயலில் ஈடுபட்டவர்களைவிட ஒன்றரை மடங்கு. 2020இல் தியோபால்ட் குழுவினர் அதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள்: மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில், பின்தங்கிய பின்னணி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தேர்ச்சி இடைவெளி 45 சதவீதம் சுருங்கியிருந்தது. அமெரிக்க மாணவர்களை வைத்துப் பார்த்தது என்பார், சரிதான், அப்படியே இங்கே பொருந்தும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தரம் குறையும் என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்கலாம். வினாத்தாளை யாரும் எளிதாக்கச் சொல்லவில்லை. தேவை நெகிழ்ச்சி தெரியுமா என்று சோதிக்க வந்தோமா, மூன்று மணி நேரம் கை வலிக்காமல் எழுதத் தெரியுமா என்று சோதிக்க வந்தோமா, அதை மட்டும் அவரே சொல்லட்டும்.

எல்லாப் புதுமையும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளிப்டு கிளாஸ்ரூம் கொலராடோவில் இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யப் போய் 2007 வாக்கில் வளர்ந்தது. வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வா என்பது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அண்ணன் தங்கையோடு ஒரே போனைப் பங்கு போடுகிறார்கள், எத்தனை பேர் மாலையில் ஜவுளிக்கடைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? பேச்சு கீழே எழுத்தாக ஓடாத வீடியோ காதுக்கருவி போட்ட மாணவிக்கும் பயன்படாது. மேலே சொன்ன இரண்டு மூன்று பக்கக் குறிப்பே உங்களுக்குப் போதுமான ஃபிளிப். கற்றல் பாணி, அதாவது சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர் என்று படிவம் நிரப்பிப் பிரிக்கிற வேலை, அதைத் தாராளமாக விட்டுவிடலாம். பாஷ்லர் குழுவினர் 2008இலேயே ஆய்வுகளை அலசி, பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள், நம் ஊர்ப் பயிற்சிகளில் மட்டும் அது இன்னும் சாகவில்லை.

ஏஐ பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், அதில் அநியாயம் நடக்கிற இடம் இருக்கிறது. அசைன்மென்ட் ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளைக் கல்லூரிகள் வாங்க ஆரம்பித்துவிட்டன. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'ஏஐ எழுதியது' என்று வந்தது. எளிய சொற்களில், மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்பில் எழுதுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள், அது யார் என்று உங்களுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள், எழுதியது யார் என்று தெரிந்துவிடும்.

இனி நீங்கள் எழுதாத ஒன்று. அலுவலக உதவியாளர் வகுப்பு நடக்கும்போது ஒரு பட்டியலோடு வந்து வாசலில் நிற்பார், "எஸ்சி ஸ்காலர்ஷிப்புக்கு யாரெல்லாம் சர்டிபிகேட் தரலையோ எழுந்திரிங்க" என்று உரக்கப் படிப்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் யார் என்ன சாதி என்பது வகுப்புக்கே தெரிந்துபோகிறது, அடுத்த வாரம் குழுச் செயல்பாட்டுக்கு "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டால் அதே கோட்டில் பிரிந்து உட்காருவார்கள். அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, தனித்தனியாகத் தகவல் அனுப்பிவிடுவதாகச் சொல்லுங்கள். குழுவை நீங்களே பிரியுங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவிட்டு, மாதம் ஒரு முறை மாற்றி. 'ஸ்லோ லேர்னர்' பட்டியலும் இதே சங்கதிதான். நாக் குழுவுக்காகப் பதிவேடு வைக்கலாம், அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கூடாது. மாலை நாலு மணிக்கு அவர்களுக்கென்று ரெமிடியல் வகுப்பு வைத்தால் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு யாரும் வரப்போவதில்லை, வந்ததாகக் கையெழுத்து மட்டும் இருக்கும்.

முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைக்கிற விஷயங்கள்தான் பெரிய சுவர். 25 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, வருகை குறைந்தால் யாரைப் பார்க்க வேண்டும், அரியர் என்றால் என்ன, ஆசிரியரை அறைக்கு வந்து பார்க்கலாமா. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முதல் வாரமே கொடுங்கள். தேர்வைத் தமிழில் எழுதலாமா என்பதையும் அதில் தெளிவாகப் போடுங்கள். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்று தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள்.

துறைத்தலைவர் ஃபைல் கேட்கிறாரே, கொடுங்கள். குறிப்புகள், கலைச்சொல் பட்டியல், நூல் ஒட்டிய அட்டையின் போட்டோ, ஓட்டுக் கேள்விகள், அத்தனையும் ஆவணம்தான். அடுத்த கூட்டத்தில் பெரிய தீர்மானமெல்லாம் கேட்காதீர்கள். துறையில் எல்லாரும் யூனிகோடில் அடிப்பது என்ற ஒன்றை மட்டும் நிறைவேற்றுங்கள், வினாத்தாள் உட்பட. ஸ்மார்ட் போர்டு கேட்டவரையே அதற்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டால் வேலை நடக்கும்.

கடைசியாகத் தேர்வு, இதில் தாமதம் மட்டும் ஆகவே கூடாது. சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்வதும் கூடுதல் நேரமும் யாரும் போடுகிற பிச்சையில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. 40 சதவீதத்துக்குக் குறைந்த குறைபாடு என்பதால் எழுதுபவரை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் போட்ட வழக்கு அது, எழுதத் தடுமாறும் உங்கள் பையனுக்கும் நாளை உதவலாம். எழுதுபவர் யார் என்று தேர்வுக்கு முந்தின நாள் தேடாதீர்கள். முதல் இன்டர்னலிலிருந்தே அதே ஆள் உட்காரட்டும், இருவருக்கும் பேச்சு பழக வேண்டும், கலைச்சொல் பட்டியல் அவர் கையிலும் இருக்கட்டும். வரைபடக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி உண்டா, இல்லை வாயால் விவரித்தால் முழு மதிப்பெண்ணா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும் முன்பே முதல்வர் கையெழுத்தோடு விண்ணப்பம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போய்விட வேண்டும். அனுமதிக் கடிதம் வந்ததும் துறையில் ஒரு நகல், மாணவர் கையில் ஒரு நகல், அவர் போனிலும் ஒன்று. தேர்வன்று ஹாலுக்குப் புதிதாக ஒரு கண்காணிப்பாளர் வந்து "எனக்கு யாரும் சொல்லலையே" என்று நிற்பார், அப்போது நீங்கள் வேறு ஹாலில் டியூட்டியில் இருப்பீர்கள்.